துலக்கினாலும் திரும்பும் நீச்சல் குளக் கறை: காரணத்தைக் கண்டறிவது எப்படி?

புது தில்லி: கோடை தொடங்கியதும் அடுக்குமாடிக் குடியிருப்புகள், விடுதிகள், பள்ளிகள், விளையாட்டு அரங்குகள் ஆகியவற்றின் நீச்சல் குளங்களில் கூட்டம் பெருகுகிறது. அதே காலத்தில் அவற்றைப் பராமரிப்போருக்கு ஒரு பழைய சிக்கலும் தலைதூக்குகிறது. குளத்தின் தரையிலும் சுவரிலும் படிகளிலும் பழுப்பு, நீலப்பச்சை, கருமை என வெவ்வேறு நிறங்களில் கறை படிகிறது. ஆள் வைத்துத் தேய்த்து, குளோரினைக் கூடுதலாகக் கொட்டி, சில நேரங்களில் நீர் முழுவதையும் வெளியேற்றி அமிலத்தால் கழுவிய பின்னரும், ஓரிரு வாரங்களில் அதே கறை அதே இடத்தில் மீண்டும் தோன்றுகிறது.

கறையை அகற்றும் வேலை நடைபெற்றதே தவிர, அதை உண்டாக்கிய பொருள் எது என்று எவரும் பார்க்கவில்லை என்பதே இதற்குக் காரணம். எல்லாக் கறையும் அழுக்கு அன்று. நீரில் கரைந்துள்ள இரும்பு, செம்பு, மாங்கனீஸ் போன்ற உலோகங்கள், இலை தழைகளின் சாயம், நீர்ப்பாசி, சுண்ணாம்புப் படிவு, கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்கும் கம்பி என அதன் மூலங்கள் பல. ஒன்றுக்கு மருந்தாவது மற்றொன்றை மோசமாக்கும். குறிப்பாக, இலைக் கறையைப் போக்கும் அதே குளோரின், இரும்புக் கறையை அழுத்தமாக்கிவிடும்.

இரும்பு எங்கிருந்து வருகிறது?

இந்தியாவின் பெரும்பாலான தனியார் நீச்சல் குளங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரையோ டேங்கர் லாரி நீரையோ நம்பியுள்ளன. அசாம், திரிபுரா, மேற்கு வங்கம், பிகார், ஒடிசா உள்ளிட்ட மாநிலங்களின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் இரும்பு மிகுதியாக உள்ளது. பூமிக்கு அடியில் ஆக்சிஜன் இல்லாத சூழலில் இரும்பு நீரில் முழுமையாகக் கரைந்து, நிறமின்றி இருக்கும். ஆகவே குழாயிலிருந்து விழும்போது நீர் பளிங்குபோல் தெளிவாகவே தெரியும்.

காற்றோ குளோரினோ பட்டவுடன் நிலைமை மாறுகிறது. கரைந்திருந்த இரும்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து, நீரில் கரையாத துருவாக மாறுகிறது. குளத்து நீரில் குளோரின் எப்போதும் இருப்பதாலும், நீர் சற்றே காரத்தன்மையுடன் இருப்பதாலும் இம்மாற்றம் விரைந்து நிகழ்கிறது. அவ்வாறு பிரிந்த துரு, பிளாஸ்டர் பூச்சிலும் டைல்ஸ் இடைவெளிகளிலும் ஒட்டிக்கொள்கிறது. ஒரு லிட்டர் நீரில் 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தால் துணியிலும் குழாய்ச் சாதனங்களிலும் கறை படியும் என்று உலக சுகாதார அமைப்பு குறிப்பிடுகிறது. மாங்கனீசுக்கு 0.1 மில்லிகிராமே போதும்.

கோடையில் கறை மிகுவதற்கு ஆவியாதலும் ஒரு காரணம். நீர் ஆவியாகும்போது உலோகம் உடன் செல்வதில்லை, குளத்திலேயே தங்கிவிடுகிறது. குறைந்த நீரை ஈடுகட்ட ஊற்றப்படும் ஒவ்வொரு லிட்டரும் புதிதாகச் சிறிது உலோகத்தைக் கொண்டுவருகிறது. எடுத்துக்காட்டாக, 25 மீட்டர் நீளம், 12.5 மீட்டர் அகலம், சராசரியாக 1.4 மீட்டர் ஆழம் கொண்ட குளத்தில் சுமார் 4.37 லட்சம் லிட்டர் நீர் இருக்கும். நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் நீர் ஆவியாவதாகக் கொண்டால், தினமும் 1,875 லிட்டர், மாதத்துக்குச் சுமார் 56,000 லிட்டர் நீரைச் சேர்க்க வேண்டும். அந்த நீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இரும்பு இருந்தால், ஒரே மாதத்தில் 56 கிராம் இரும்பு குளத்தில் சேர்கிறது. மூன்று மாதங்களில் குளத்து நீர் முழுவதிலும் லிட்டருக்குச் சுமார் 0.4 மில்லிகிராம் என்ற அளவை அது எட்டும். குளத்தை முதலில் நிரப்பியபோது நீர் தூய்மையாக இருந்தது என்பதால் பயனில்லை; அன்றாடம் ஊற்றும் நீரே கணக்கைத் தீர்மானிக்கிறது.

நிறமும் இடமும் சொல்வது என்ன?

கறையின் நிறம் முதல் தடயம். செம்பழுப்பும் துரு நிறமும் பெரும்பாலும் இரும்பைக் குறிக்கும். நீலப்பச்சை, செம்பின் அடையாளம். ஊதா கலந்த கருமையோ அடர்பழுப்போ மாங்கனீசாக இருக்கலாம். பழுப்பு அல்லது பச்சை நிறத்தில் இலை, பூ, காய் ஆகியவற்றின் வடிவத்திலேயே தெரியும் கறை தாவரச் சாயமாகும். வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ சொரசொரப்பாகப் படிவது சுண்ணாம்பு.

நிறம் மட்டும் போதாது. நாவல் பழக் கறையும் மாங்கனீசும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கக்கூடும். எனவே கறை படிந்த இடத்தையும் கவனிக்க வேண்டும். தரை, சுவர், படி என எங்கும் பரவலாக மங்கிய நிறம் தெரிந்தால் கோளாறு நீரில் உள்ளது. சுத்திகரித்த நீர் குளத்துக்குள் திரும்பும் துவாரங்களைச் சுற்றி அடர்ந்திருந்தாலும் உலோகத்தையே முதலில் ஐயுற வேண்டும். நீர்மட்டக் கோட்டில் வளையமாகப் படிவது தலையில் தேய்த்த எண்ணெய், வெயில்காப்புப் பூச்சு, வியர்வை ஆகியவற்றின் பிசுக்காகவோ சுண்ணாம்புப் படிவாகவோ இருக்கும். மரக்கிளை கவிந்த மூலையில் மட்டும் கறை தோன்றினால் காரணம் தலைக்கு மேலேயே உள்ளது.

ஒரே புள்ளியில், கழுவும்தோறும் மறுபடி கசியும் துருக்கறை தனி வகை. தரையில் கிடக்கும் கொண்டை ஊசி, ஆணி போன்றவை அதற்குக் காரணமாகலாம். அப்படி எதுவும் இல்லையெனில், பூச்சுக்கு அடியிலுள்ள கட்டுமானக் கம்பியோ கட்டுக்கம்பியோ துருப்பிடித்திருக்க வாய்ப்புண்டு. அதற்கு எந்த மருந்தும் உதவாது. அந்த இடத்தைக் கொத்தி, துருவை நீக்கி, கம்பியை வெட்டியோ பாதுகாப்புப் பூச்சு இட்டோ, நீர்புகாக் கலவையால் மூட வேண்டும். காலம் கடத்தினால் துரு வீங்கிப் பூச்சையே பிளந்துவிடும்.

எளிய சோதனைகள்

குளம் முழுவதற்கும் மருந்திடும் முன் ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் சோதித்துப் பார்ப்பதே சிக்கனமான வழி.

முதலாவது, துடைப்பச் சோதனை. தூரிகையால் தள்ளியவுடன் புழுதிபோல் கலைந்து, மறுநாள் அதே நிழற்பகுதியில் மீண்டும் படிந்தால் அது கறையன்று. மஞ்சள் நிற நீர்ப்பாசியாக இருக்கலாம். வழுவழுப்பாகச் சற்றே புடைத்து, சுரண்டினால் நகத்தில் ஒட்டும் கரும்புள்ளிகள் கரும்பாசி. உலோகக் கறை தட்டையானது, நகத்துக்கு அகப்படாது.

இரண்டாவது, வைட்டமின் சி சோதனை. அஸ்கார்பிக் அமிலம் எனப்படும் வைட்டமின் சி, துருவாகிவிட்ட இரும்பை மீண்டும் நீரில் கரையும் நிலைக்கு மாற்றும் தன்மையுடையது. அதன் தூளை ஒரு பருத்திக் காலுறையில் இட்டுக் கறையின்மீது ஓரிரு நிமிடங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த இடம் மட்டும் வெளுத்தால் இரும்பு என்பது ஏறத்தாழ உறுதி. மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஆரஞ்சு நிற மாத்திரைகளில் சாயம் கலந்திருப்பதால், வெள்ளைத் தூளே சோதனைக்கு ஏற்றது. மாங்கனீசும் ஓரளவு இதற்கு இளகும். செம்புக் கறைக்கு இதே முறையில் சிட்ரிக் அமிலத் தூளைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

மூன்றாவது, குளோரின் சோதனை. சிறிதளவு குளோரின் துகளைக் கறையின்மீது தூவிச் சற்று நேரம் விட்டால், தாவரச் சாயமும் பாசியும் வெளுக்கும். உலோகம் மாறாது, அல்லது மேலும் கறுக்கும். வினைல் விரிப்புள்ள குளங்களில் விரிப்பின் நிறமே வெளுத்துவிடும் என்பதால் இச்சோதனையைத் தவிர்க்க வேண்டும். வைட்டமின் சி சோதனை நடந்த அதே இடத்தில் உடனே இதைச் செய்வதும், இரு பொடிகளையும் உலர்நிலையில் கலப்பதும் ஆபத்தானவை.

ஊற்றும் நீரையும் சோதிக்க வேண்டும். கிணற்று மோட்டாரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு, வெள்ளை வாளியில் நீர் பிடித்து, சில சொட்டு திரவ குளோரின் விட்டால் போதும். நீர் பழுப்பாக மாறினால் இரும்பு. கருமை தட்டினால் மாங்கனீஸ். துல்லியமான அளவை ஆய்வகம் தெரிவிக்கும்.

ஆய்வக அறிக்கையைப் படிப்பதில் பலரும் தவறுவது ஓரிடத்தில்தான். குளத்து நீரில் இரும்பு இல்லை என்று அறிக்கை வந்ததும், கறை உலோகத்தால் ஆனதன்று என முடிவு செய்துவிடுகின்றனர். இரும்பு முழுவதும் சுவரில் ஒட்டிவிட்டால் நீரில் அது அகப்படாது. ஆகவே குளத்து நீருடன், குளத்துக்கு ஊற்றும் நீரையும் தனியே சோதிப்பது இன்றியமையாதது.

இரும்புக் கறையை அகற்றும் முறை

இரும்பு என உறுதியானால், குளத்தை வடிக்காமலேயே கறையை அகற்ற இயலும். முதல் படி, குளோரினை ஏறத்தாழப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது. குளோரின் இருந்தால் அது அஸ்கார்பிக் அமிலத்தை அழித்து, மருந்தையும் பணத்தையும் வீணாக்கும். சில நாள்கள் குளோரின் சேர்க்காமல் வெயிலில் விட்டாலே அளவு இறங்கும். இந்நாள்களில் நீரில் கிருமிநாசினி இருக்காது என்பதால் குளத்தைக் கட்டாயம் மூடிவைக்க வேண்டும். செம்பு கலவாத பாசிக்கொல்லியையும் சேர்க்க வேண்டும்.

அடுத்து, பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அஸ்கார்பிக் அமிலத்தைக் கறை மிகுந்த இடங்களுக்கு மேலாகத் தூவ வேண்டும். ஒரு லட்சம் லிட்டருக்குச் சுமார் 1.2 கிலோ என்பது வழக்கமான அளவு. முதலில் பாதியை இட்டுப் பார்த்துத் தேவைக்கேற்ப மீதியைச் சேர்ப்பது நல்லது. பெரும்பாலும் சில மணி நேரத்துக்குள் கறை மறைந்துவிடும்.

பலரும் இத்துடன் வேலை முடிந்ததாகக் கருதுகின்றனர். கறை திரும்புவதும் இங்கிருந்துதான். சுவரிலிருந்த இரும்பு எங்கும் போய்விடவில்லை. நீரில் கரைந்து காத்திருக்கிறது. அந்நிலையில் குளோரினை மொத்தமாகக் கொட்டினால், ஓரிரு நாள்களிலேயே அது மீண்டும் துருவாகிச் சுவரில் படியும். எனவே கறை மறைந்த உடனேயே, 'சீக்வெஸ்ட்ரன்ட்' என்ற பெயரில் கிடைக்கும், உலோகத்தைப் பிணைத்து நீரிலேயே நிறுத்திவைக்கும் திரவத்தைக் கொள்கலனில் குறிப்பிட்டுள்ள அளவில் சேர்க்க வேண்டும். அதன் பின்னர் திரவ குளோரினைச் சிறுசிறு அளவாகச் சேர்த்து, லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் என்ற பாதுகாப்பான அளவுக்குப் படிப்படியாக உயர்த்த வேண்டும். எஞ்சிய அஸ்கார்பிக் அமிலம் முதல் சில நாள்களில் குளோரினை விழுங்கிக்கொண்டே இருக்கும். பதற்றப்பட்டு அளவைக் கூட்டக் கூடாது. நீரின் பிஎச் அளவை 7.2-க்கு அருகில் வைத்து, ஓரிரு வாரங்களில் மெல்ல உயர்த்துவது பாதுகாப்பானது. குளோரின் உரிய அளவில் நிலைத்த பின்னரே குளத்தைத் திறக்க வேண்டும்.

பிணைக்கும் திரவமும் நிரந்தரத் தீர்வன்று. குளோரினும் வெயிலும் அதைச் சிதைப்பதால், குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் சேர்க்க வேண்டியிருக்கும். உலோகம் இல்லாத நீரைக் கொண்டு குளத்து நீரைப் பகுதி பகுதியாக மாற்றுவதும், ஊற்றும் நீரிலேயே இரும்பை வடிகட்டுவதும்தான் முடிவான வழிகள். காற்றேற்றம் செய்து, படியவிட்டு, மணல் வடிகட்டி வழியே செலுத்தும் இரும்பு நீக்க முறை குடிநீர்த் திட்டங்களில் நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ளது. அசாமில் மணலும் கரியும் கொண்ட வீட்டு வடிகட்டிகள் இதே தத்துவத்தில் இயங்குகின்றன.

மயில்துத்தம் தரும் செம்பு

செம்புக் கறை பெரும்பாலும் நிலத்தடி நீரால் வருவதன்று. குளத்தைப் பராமரிப்போரே சேர்ப்பது. பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடுவது நாடெங்கும் பரவலான வழக்கம். மலிவான அந்த மருந்து பாசியைக் கட்டுப்படுத்தும் என்பது உண்மையே. ஆனால் அதிலுள்ள செம்பு நீரை விட்டு வெளியேறாது. மாதந்தோறும் போடப்போட அளவு ஏறி, பிஎச் உயரும் ஒரு நாளில் நீலப்பச்சைக் கறையாகச் சுவரில் இறங்குகிறது. அதைப் பாசி என்று கருதி மேலும் மயில்துத்தம் போடுவதால் கறை வளர்ந்துகொண்டே போகிறது. செம்புக் குழாய்கள் கொண்ட நீர்சூடேற்றி உள்ள குளங்களில், நீரின் பிஎச் 7-க்குக் கீழே நீண்ட காலம் இருந்தால் குழாய் அரிக்கப்பட்டும் செம்பு சேரும். பாசியைத் தடுக்க உரிய அளவு குளோரினும், அன்றாடத் தூரிகைப் பணியும், பம்ப் போதிய நேரம் ஓடுவதுமே முதன்மையான வழிகள்.

பாசி, இலை, சுண்ணாம்பு

தாவரக் கறைக்குக் குளோரினே மருந்து. விழுந்த இலைகளை முதலில் வலையால் அள்ளிவிட்டு, குளோரினைச் சற்று உயர்த்தித் தேய்த்தால் பெரும்பாலும் நீங்கும். கரும்பாசி பூச்சின் நுண்துளைகளுக்குள் பற்றிக்கொள்வதால் மேற்பரப்புத் தூய்மை மட்டும் பயன் தராது. பிளாஸ்டர் குளங்களில் கம்பித் தூரிகையால் அதன் மேலடுக்கைக் கிழித்த பின்னரே குளோரின் உட்புகும். டைல்ஸ், வினைல், ஃபைபர் பரப்புகளுக்கு நைலான் தூரிகையே உகந்தது.

வெண்படிவு நீரின் கடினத்தன்மையால் வருவது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 10500 குடிநீர்த் தரவரையறைப்படி, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காதபோது 600 வரை அனுமதிக்கப்படுகிறது. குடிக்க அனுமதிக்கப்பட்ட அந்த நீர், ஆவியாகி ஆவியாகிச் செறிவடையும் குளத்தில் சுண்ணாம்பைப் படியவிடும். பிளீச்சிங் பவுடரும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் மேலும் கால்சியத்தைச் சேர்க்கின்றன. கடின நீர் உள்ள நகரங்களில் திரவ குளோரினுக்கு மாறுவதும், பிஎச் அளவை 7.2 முதல் 7.6 வரை வைத்திருப்பதும் படிவைக் குறைக்கும்.

அமிலக் கழுவலின் விலை

எந்தக் கறையானாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றித் தேய்ப்பது என்பது பல இடங்களில் முதல் வேலையாக உள்ளது. அது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். அமிலம் கறையை மட்டும் அகற்றுவதில்லை. பிளாஸ்டரின் மேலடுக்கையும் டைல்ஸ் இணைப்புப் பூச்சையும் சேர்த்தே தின்கிறது. சொரசொரப்பான பரப்பில் அடுத்த கறை முன்னிலும் விரைவாகப் படிகிறது.

அதைவிடப் பெரிய ஆபத்து, இறங்கி வேலை செய்யும் தொழிலாளிக்கு. குளத்தின் ஆழமான பகுதி காற்றோட்டம் குறைந்த தொட்டி போன்றது. அங்கு குளோரின் தூளோ திரவ குளோரினோ இருக்கும்போது அமிலம் ஊற்றப்பட்டால் குளோரின் வாயு வெளிப்படும். முதல் உலகப் போரில், 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் ஆயுதமாகப் பயன்படுத்தப்பட்ட அதே வாயு அது. காற்றைவிட எடை மிகுந்ததாகையால் தரையிலேயே தேங்கி நிற்கும். வாயுத் தடுப்பு முகக்கவசம், கையுறை, கண்ணாடி, ரப்பர் காலணி ஆகியவை இல்லாமலும் தனியாகவும் எவரையும் இறக்கக் கூடாது. அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டுமேயன்றி, அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. கழுவிய நீரைச் சோடா சாம்பலால் நடுநிலையாக்கிய பின்னரே வெளியேற்ற வேண்டும்.

குளத்தைக் காலியாக்குவதும் எப்போதும் பாதுகாப்பானதன்று. மழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருக்கும்போது நீரை முழுவதும் வடித்தால், அடியிலிருந்து வரும் அழுத்தம் தரையை விரிசலிடச் செய்யலாம். குளத்தின் கூட்டையே மேலே தூக்கவும் கூடும்.

தண்ணீரும் பணமும்

கறை வந்தால் நீரை மாற்றிவிடலாம் என்ற எண்ணத்துக்கு இனி இடம் குறைவு. 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கடும் தண்ணீர்த் தட்டுப்பாட்டின்போது, பெங்களூருவின் குடிநீர் வாரியம் நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்து, மீறுவோருக்கு ரூ.5,000 அபராதம் அறிவித்தது. இத்தகைய தருணங்களில் குளங்கள் டேங்கர் நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையுமே நாடும். உலோகமும் கடினத்தன்மையும் மிகுந்திருக்கக்கூடியவை அந்நீரே. கறையைப் போக்க மாற்றப்படும் நீர், அடுத்த கறைக்கான இரும்பைக் கொண்டுவந்து சேர்க்க நேரிடலாம்.

ஆகவே குடியிருப்போர் சங்கங்களும் விடுதி நிர்வாகங்களும் ஒப்பந்ததாரரிடம் முதலில் கேட்க வேண்டியது, கறையை எத்தனை நாளில் அகற்றுவீர்கள் என்பதன்று. கறை எந்தப் பொருளால் ஆனது, அதை எச்சோதனையால் அறிந்தீர்கள் என்பதே. ஊற்றும் நீரின் ஆய்வறிக்கை, போட்ட மருந்தின் பெயர், அளவு, நாள், குளோரின் மற்றும் பிஎச் அளவுகள் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் குறித்துவந்தால், கறை மீண்டும் தோன்றும்போது அதற்கு முந்தைய வாரங்களில் நடந்தது என்ன என்பது தெளிவாகிவிடும். புதிய டேங்கர் நீரா, ஒரு மூட்டை மயில்துத்தமா, கூட்டிய குளோரினா என்பதை அந்தப் பக்கங்களே காட்டும். ஓர் ஆய்வகச் சோதனைக்கும் சிறிதளவு வைட்டமின் சி தூளுக்கும் ஆகும் செலவு, குளத்தை ஒருமுறை வடித்து நிரப்பும் செலவில் மிகச் சிறிய பங்கே ஆகும்.